மடிப்பதா, கவிழ்ப்பதா?

அக்கா மகனுக்குப் போக்கர் சீட்டாட்டம் கற்றுக்கொள்ள ஆசை. தருமபுரியில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்? ஆளுக்கு ஐம்பது எண்ணி வைத்துக்கொண்டு, காசு வைக்காமல் உட்கார்ந்தோம். மூன்றாவது ஆட்டத்தில் “மாமா, நான் மடிக்கிறேன்” என்றான். கைப்பேசி விளையாட்டில் அப்படித்தான் இருக்கிறதாம். வாங்கிப் பார்த்தேன். “நீங்கள் மடிந்துவிட்டீர்கள்” என்று வந்தது. ஐந்து புளியங்கொட்டை போனதற்கு எழவு சொல்லிவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் இருந்த ‘ஃபோல்ட்’டைத்தான் இப்படி மடித்திருக்கிறார்கள். அது பழைய ஆங்கிலச் சொல். துணியை மடிப்பதும் அதுதான், தாக்குப்பிடிக்க முடியாமல் கடையை மூடுவதும் அதுதான். போக்கரில், நடுவில் போட்டதை விட்டுக்கொடுத்து, சீட்டை முகம் காட்டாமல் தள்ளிவிட்டு, அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் ஒதுங்குவது.

இதில் மடிப்பு எங்கே வந்தது? டெக்சஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையில் கையில் இருப்பது இரண்டே சீட்டு. அதில் ஒன்றை உண்மையிலேயே மடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த சீட்டு அடையாளச் சீட்டு, சீட்டுக்கட்டையே மாற்றச் சொல்வார்கள். தமிழில் மடிதல் சாவு. மடி என்றால் சோம்பலும்கூட. வள்ளுவர் ‘மடியின்மை’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். சூதுக்கு வேறு அதிகாரம், அங்கேயும் யாரும் சீட்டை மடிக்கவில்லை.

‘விலகு’ என்கிறார்கள் சிலர். விலகியவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான் என்றல்லவா படுகிறது? ஆட்டத்தை விடுவதற்கு ரம்மிக்காரர்கள் சொல்லும் ‘ஸ்கூட்’ காரியத்துக்கு ஆகும், ஆனால் அது தமிழில்லை.

திண்ணையில் சீட்டாடுகிறவர் சொல்வது “கவுத்துட்டேன்”. எழுத்தில் கவிழ்த்தல். கை செய்வதைச் சொல் அப்படியே சொல்கிறது. ஹோல்டமில் சீட்டு முதலிலிருந்தே கவிழ்ந்துதானே கிடக்கிறது என்று பையன் மடக்கினான். நியாயம்தான். ஆனால் எடுத்துப் பார்க்கிறோமே, பார்த்ததைத் திரும்பக் கவிழ்க்கிறோம். கூட இருப்பவனைக் கவிழ்ப்பதும் ஆட்சி கவிழ்வதும் நினைவுக்கு வரும் என்பது இன்னொரு குறை. ‘சீட்டைக் கவிழ்’ என்று சேர்த்தே எழுதினால் தீர்ந்தது.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு தடவையாவது சீட்டைக் கையில் தொட்டிருப்பார்களா? எதிராளி வைத்த அளவுக்கே நாமும் வைப்பது ‘கால்’. அதற்கு ‘அழைக்கவும்’ என்று போட்டிருக்கிறார்கள். வைக்காமல் சும்மா விடுவது ‘செக்’. அதற்கு ‘சரிபார்க்கவும்’. பையன் அதை நம்பித் தன் இரண்டு சீட்டையும் திரும்பத் திரும்ப எடுத்துச் சரிபார்த்துக்கொண்டே இருந்தான்.