கண்ணில் சுண்ணாம்பு பட்டால் எலுமிச்சையைத் தேடாதீர்கள்

வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தி விளையாடிய ஐந்து வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிதுங்கிய சுண்ணாம்பு வலக்கண்ணில் தெறித்திருந்தது.

"எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விட்டேன் டாக்டர். காரத்தை அமிலம் முறிச்சிடும்னு ஸ்கூல்ல படிச்சதுதான்" என்றார் அப்பா.

தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டேன்.

"சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்குமே, அதான் பயந்துட்டோம்."

கொதிப்பது சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. வெற்றிலையில் தடவுவது ஏற்கெனவே தண்ணீரில் நீற்றிய கால்சியம் ஹைட்ராக்சைடு. அது கொதித்து அடங்கிவிட்டது, காரம்தான் அடங்கவில்லை. அதன் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 12-க்கு மேல், கண்ணீருக்கோ 7-ஐ ஒட்டி. 1909-ல் டென்மார்க்கின் சோரன்சன் வகுத்த இந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் காரத்தன்மை பத்து மடங்கு. ஐந்து படி என்றால் லட்சம் மடங்கு.

அமிலத்தைவிடக் காரத்துக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுவோம். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிவதுபோல, அமிலம் பட்ட கண்ணில் புரதம் திரியும். அந்தப் படலமே அமிலத்தை ஓரளவு தடுத்துவிடும். (அடர் அமிலத்துக்கு இந்தத் தடுப்பு போதாது.) காரம் அப்படி நிற்காது. சோப்புக் காய்ச்சும்போது எண்ணெயை என்ன செய்கிறதோ, அதையே செல் சவ்வின் கொழுப்புக்கும் செய்து, கருவிழிக்குள் இறங்கிக்கொண்டே போகும்.

சரி, முறிக்கலாமே? ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும். எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். அந்த அப்பா படித்த நடுநிலையாக்கல் அதுதான், பொய்யில்லை. ஆனால் ஆய்வகத்தில் நிறத்தைப் பார்த்துப் பார்த்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். குடுவை சூடானாலும் பாதகமில்லை. கண்ணுக்குள் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது, எத்தனை சொட்டு போதும் என்று யாருக்குத் தெரியும்? முறியும்போது வெப்பம் வரும். மிஞ்சிய சாறு தன் பங்குக்குப் புண்ணாக்கும். எல்லாவற்றையும்விட, எலுமிச்சையைத் தேடி அறுத்த நிமிடங்கள் திரும்ப வரா.

உடனே குழாயடிக்கு ஓடுங்கள். இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரமாவது தண்ணீர் ஓடட்டும். அதற்குள் ஒருவர் ஆட்டோவுக்குச் சொல்லிவிடலாம். வெள்ளையடிக்கும் இடத்தில் சுட்ட சுண்ணாம்புத் தூள் பட்டிருந்தால், முகத்தில் ஒட்டிய தூளை முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம்.

சுண்ணாம்பு தண்ணீரில் எளிதில் கரையாது. இமைக்குள் ஒட்டிய துணுக்கு மெல்லக் கரைந்து காரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பையனின் மேலிமையைப் புரட்டியபோது மூன்று துணுக்குகள் இருந்தன. எடுத்துவிட்டுக் கழுவினோம், பி.எச். தாளை வைத்துப் பார்த்தோம், மறுபடி கழுவினோம். தாள் 7-ல் நிலைக்க இரண்டு மணி நேரம் ஆனது. கருவிழி ஓரத்தில் ஒரு வெண்தழும்பு இன்னும் இருக்கிறது. கண்மணிக்கு நேரே இல்லாததால் பார்வை தப்பியது.