விடுமுறையில் டேண்டம் பாராகிளைடிங் செல்பவர்கள் தரையில் கவனிக்க வேண்டியவை

சென்னையில் முதுகெலும்பு அறுவை சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் நாட்களிலும், ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறைகள் கழிந்த பிறகும் ஒருவகை நோயாளிகள் தவறாமல் வருகிறார்கள். இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள மணாலிக்கோ பிர் பில்லிங்குக்கோ குடும்பத்தோடு போயிருப்பார்கள். அங்கே டேண்டம் பாராகிளைடிங், அதாவது துணி இறக்கையில் பைலட்டோடு சேர்ந்து மலைச்சரிவிலிருந்து பறப்பது, செய்திருப்பார்கள். இறங்கும்போது லேசாக அடிபட்டது, சுளுக்காக இருக்கும் என்று நினைத்தோம், ஆனால் இன்னும் குனிய முடியவில்லை என்பார்கள். அவர்களிடம் எக்ஸ்ரேயைக் கேட்பதற்கு முன்பு, பறக்கும்போது எடுத்த வீடியோவைக் காட்டச் சொல்வேன். நீண்ட குச்சியின் நுனியில் கேமராவைப் பொருத்தி எடுத்து, தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு தருகிற அந்த வீடியோ அநேகமாக எல்லோர் கைப்பேசியிலும் இருக்கும். எலும்பு எந்தத் திசையில், எவ்வளவு விசையில் அடி வாங்கியது என்பதை நோயாளியின் நினைவைவிட அது துல்லியமாகச் சொல்லிவிடும்.

அந்த வீடியோக்களில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்றுதான். எல்லோரும் பயப்படுகிற, வானத்தில் மிதக்கும் அந்த இருபது நிமிடங்களில் பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை. நான் பார்க்கும் எலும்பு முறிவுகளில் ஏறக்குறைய அனைத்தும் புறப்படும்போது ஓடுகிற முதல் சில அடிகளிலும், தரையைத் தொடுகிற கடைசிச் சில மீட்டர்களிலும் ஏற்பட்டவை. வானத்தில் நீங்கள் வெறும் பயணி. தரையில் அப்படியல்ல, உங்கள் கால்களும் அந்த விமானத்தின் ஒரு பகுதி.

ஓஎம்ஆரில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவரின் வீடியோவை அவருடைய அனுமதியோடு இங்கே விவரிக்கிறேன். பைலட் பின்னாலும் இவர் முன்னாலுமாக இருவரும் சரிவில் ஓடத் தொடங்குகிறார்கள். துணி தலைக்கு மேல் எழுந்து நிற்கிறது. நாலைந்து அடி ஓடியதும் இவருடைய கால்கள் தரையைவிட்டு ஒரு சாண் உயர்கின்றன. பறக்கத் தொடங்கிவிட்டோம் என்று நினைத்து முழங்கால்களை மடக்கி, நாற்காலியில் அமர்வதைப்போல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். பின்னால் பைலட் ஏதோ கத்துகிறார். அடுத்த நொடியில் திரையில் புல்லும் கூழாங்கற்களும்தான் தெரிகின்றன. மறுபடியும் எழுந்து, இரண்டாம் முறை ஓடி, வெற்றிகரமாகப் பறந்து, சிரித்த முகத்தோடு இறங்கியிருக்கிறார். சென்னை வந்து எடுத்த சி.டி. ஸ்கேனில் முதல் இடுப்பு முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கியிருந்தது.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு அந்தத் துணி வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பாராகிளைடருக்கு எஞ்சின் கிடையாது, சட்டகமும் கிடையாது. நைலான் துணியின் முன்விளிம்பில் உள்ள திறப்புகள் வழியாகக் காற்று புகுந்து, உள்ளே இருக்கும் அறைகள் உப்பி, அதுவே இறக்கையின் வடிவத்தைப் பெறுகிறது. இருவரைச் சுமக்கும் டேண்டம் இறக்கை சாதாரணமாக மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. எதிர்க்காற்று தருவது போக மீதி வேகத்தை இருவரின் ஓட்டம்தான் தர வேண்டும். பயணி பாதியில் உட்கார்ந்துவிட்டால் இறக்கை இன்னும் தாங்கத் தயாராகாத எடை திடீரென்று அதன்மேல் விழுகிறது, ஓட்டத்தின் வேகம் போய்விடுகிறது, இருவரும் பிட்டம் தரையில் மோத விழுகிறார்கள். சில நேரம் பைலட்டின் எடையும் சேர்ந்து முன்னால் இருப்பவர்மேல் விழுகிறது. இருக்கைக்கு அடியில் பாதுகாப்பு உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது காற்றுப்பை வகையாக இருந்தால், பறக்கும்போது உள்ளே புகும் காற்றால்தான் முழுமையாக உப்பும். ஓடத் தொடங்கிய நொடியில் அது பாதி காலியாகவே இருக்கும்.

உட்கார்ந்த நிலையில் விழும்போது விசை முழுவதும் முதுகுத்தண்டின் வழியாக நேராக மேலே ஏறுகிறது. நெஞ்சுப் பகுதி முள்ளெலும்புகளை விலா எலும்புகள் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளோ தாராளமாக அசையக்கூடியவை. இறுக்கமான பகுதியும் அசையும் பகுதியும் சந்திக்கிற பன்னிரண்டாம் நெஞ்சு முள்ளெலும்பும் முதல் இடுப்பு முள்ளெலும்பும்தான் இந்த விசையில் அதிகமாக நசுங்குகின்றன. முன்பக்கம் மட்டும் நசுங்கினால் பெரும்பாலும் இடுப்புப் பட்டையும் ஓய்வும் போதும். எலும்பு வெடித்துச் சிதறி அதன் துண்டு பின்னோக்கித் தள்ளப்பட்டால் ஆபத்து, ஏனென்றால் அங்கேதான் தண்டுவடத்தின் முடிவும் கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் செல்லும் நரம்புகளும் இருக்கின்றன.

ஆகவே புறப்படும்போது செய்ய வேண்டியது ஒன்றே: பைலட் உட்காரச் சொல்லும்வரை ஓடிக்கொண்டே இருப்பது. கால் காற்றில் தொங்கினாலும் ஓட வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கேலியாகத் தெரியும், பரவாயில்லை. நம்மவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருப்பதையும் கவனித்திருக்கிறேன். இமாச்சலத்தில் பைலட்டுகள் பெரும்பாலும் இந்தியில்தான் கட்டளையிடுவார்கள், அதுவும் பதற்றத்தில் வேகமாக. "தௌடோ" என்றால் ஓடு, "பைட்னா நஹீ" என்றால் உட்காராதே, "பைர் உட்டாவோ" என்றால் கால்களைத் தூக்கு. இந்தி தெரியாதவர்கள் இந்த மூன்றையாவது மேலே ஏறுவதற்கு முன் பைலட்டிடமே சொல்லிப் பார்த்து, தங்களுக்குத் தெரிந்த மொழியில் அவர் எப்படிச் சொல்வார் என்பதையும் உறுதிசெய்துகொள்வது நல்லது. முன்பு சொன்ன இளைஞர், பைலட் கத்தியதைப் பாராட்டு என்று நினைத்ததாக என்னிடம் சொன்னார்.

இறங்கும்போது நிலைமை வேறு. தரையில் கால் வைத்து சில அடி ஓடச் சொல்லும் பைலட்டுகளும் இருக்கிறார்கள், கால்களை முன்னால் நீட்டித் தூக்கிக்கொள்ளச் சொல்லி இருக்கையின் அடிப்பகுதி தரையில் வழுக்கும்படி இறக்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சரியான முறைகளே. பைலட் சொன்ன முறையை விட்டுவிட்டு, பயத்தில் கால்களை விறைப்பாகக் கீழே ஊன்றுவதுதான் கணுக்காலையும் குதிகால் எலும்பையும் முறிக்கிறது. உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கலாம் என்பதால், குதிகால் வலி என்று வருபவரின் முதுகையும் சேர்த்தே நாங்கள் பரிசோதிப்போம். இவ்விடத்தில் காலணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீடியோக்களில் நான் பார்ப்பது பெரும்பாலும் ரப்பர் செருப்பும், குதிகாலில் பட்டை இல்லாத க்ராக்ஸும்தான். கணுக்காலை மூடும் ஷூ இல்லாமல் கற்சரிவில் ஓடக்கூடாது. துப்பட்டா, தளர்வான சால்வை போன்றவற்றை அறையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

பட்டைகளைப் பற்றி எழுதும்போது என் குரல் சற்று உயர்ந்துவிடும். பயணியின் இருக்கையில் நெஞ்சுக் கொக்கியும் இரு தொடைகளைச் சுற்றிய கால் பட்டைகளும் இருக்கும். நெஞ்சுக் கொக்கியை மட்டும் மாட்டிவிட்டுக் கால் பட்டைகளை மறந்தால், தரையில் நிற்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. கால் தரையைவிட்டு எழுந்த பின்பே உடல் கீழ்நோக்கி நழுவத் தொடங்கும். 2024 பிப்ரவரியில் இமாச்சலத்தின் குல்லு அருகே டோபியில் தெலங்கானாவைச் சேர்ந்த பெண் சுற்றுலாப் பயணி ஒருவர் பறக்கும்போது விழுந்து இறந்தார். பாதுகாப்புப் பட்டை சரிபார்க்கப்படவில்லை என்பதே அப்போது முதற்கட்டமாகச் சொல்லப்பட்ட காரணம். இரண்டு தொடைகளையும் நீங்களே கையால் தடவிப் பாருங்கள், கொக்கியை இழுத்துப் பாருங்கள், பைலட்டை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

வானத்திலேயே நடக்கும் விபத்துகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025 ஜனவரியில் குல்லுவின் கர்சா பகுதியில் இரு பாராகிளைடர்கள் மோதியதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுற்றுலாப் பயணி ஒருவர் உயிரிழந்தார். அதே மாதத்தில் கோவாவின் கேரி பீடபூமியில் பயணியும் பைலட்டும் சேர்ந்தே இறந்தார்கள். 2023 மார்ச்சில் கேரளத்தின் வர்க்கலை பாபநாசம் கடற்கரையில் கோவையைச் சேர்ந்த பெண்ணும் அவருடைய பயிற்றுநரும் உயர்கோபுர விளக்குக் கம்பத்தில் சிக்கித் தொங்கியதைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பீர்கள். இவற்றில் பயணியின் கையில் இருப்பது குறைவு. ஆனால் யாரோடு, எப்போது பறப்பது என்பது அவர் கையில்தான் இருக்கிறது. இமாச்சலத்தில் 2004ஆம் ஆண்டிலிருந்தே வான் விளையாட்டுகளுக்கென்று விதிகள் உள்ளன, பைலட்டுகள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், மழைக்காலமான ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறக்கத் தடையும் உண்டு. அந்த இரண்டு மாதங்களில் ஒருவர் உங்களைப் பறக்க அழைத்தால் அவரைப் பற்றி வேறு விசாரணையே தேவையில்லை. மற்ற மாதங்களில் பதிவு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், அவசரத்துக்கான ரிசர்வ் பாராசூட் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், உங்கள் எடையைக் குறைக்காமல் சொல்லுங்கள். இறக்கைக்கு எடை வரம்பு உண்டு. கூடுதல் பணத்துக்குச் சுழன்று சுழன்று இறங்கிக் காட்டட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தச் சுழற்சியில் உடலின் எடை பல மடங்காக உணரப்படும், கழுத்தும் இதயமும் அதற்குப் பழகியவை அல்ல. காற்று பலமாக இருக்கிறது, இன்று வேண்டாம் என்று சொல்கிற பைலட் கிடைத்தால் அவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் அவரோடே போங்கள்.

ஈ.சி.ஆர். கடற்கரையில் பாராசெய்லிங் செய்த அனுபவம் இருப்பதால் இதுவும் அப்படித்தான் என்று நினைப்பவர்களும் உண்டு. அங்கே படகோ ஜீப்போ கயிற்றில் கட்டி இழுக்கிறது. பில்லிங்கில் கிட்டத்தட்ட 2,400 மீட்டர் உயரத்திலிருந்து எந்தக் கயிறும் இல்லாமல் சுமார் 1,000 மீட்டர் கீழே இறங்குகிறீர்கள்.

யார் போகக்கூடாது என்று பலரும் கேட்கிறார்கள். கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள், கட்டுப்படாத இரத்த அழுத்தமோ அண்மையில் மாரடைப்போ வந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், முதுகிலோ மூட்டிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. இதைப் பெரும்பாலோர் ஊகித்துவிடுவார்கள். ஊகிக்காதது, எலும்பு அடர்த்தி குறைந்தவர்களைப் பற்றி. மகன் பறக்கிறான், மருமகள் பறக்கிறாள், அம்மாவும் ஒருமுறை பறக்கட்டுமே என்று ஆசையாக அழைத்துப் போகிறார்கள். மாதவிடாய் நின்று ஆண்டுகள் பல ஆன பெண்களுக்கும், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களுக்கும், இளைஞருக்கு ஒன்றும் செய்யாத ஒரு சாதாரணக் குலுக்கலே முள்ளெலும்பை நசுக்கப் போதுமானது. ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு மூட்டழற்சி நோய் உள்ள இளைஞர்களின் முதுகும் இறுகிப் போயிருப்பதால் எளிதில் முறியும். இவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. தலைசுற்றல், வாந்தி வருபவர்கள் முன்னதாக மாத்திரை போடலாம். ஆனால் அவோமின் போன்றவை தூக்கத்தைத் தரும், ஓடுகிற நேரத்தில் கால் தடுமாறும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வானத்தில் கைப்பேசித் திரையைப் பார்க்காமல் தொலைவில் உள்ள மலைமுகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பலருக்குக் குமட்டல் குறையும்.

அடிபட்டுவிட்டால் முதல் பத்து நிமிடம் முக்கியமானது. சுற்றியிருப்பவர்கள் நல்லெண்ணத்தில் ஓடிவந்து கைகளைப் பிடித்து ஒருவரும் கால்களைப் பிடித்து ஒருவருமாகத் தூக்குவார்கள். நடுவில் முதுகு வளையும். அதை அனுமதிக்காதீர்கள். ஹெல்மெட்டோடு அப்படியே படுத்திருக்கட்டும். கால் விரல்களை அசைக்கச் சொல்லுங்கள், தொட்டால் தெரிகிறதா என்று கேளுங்கள். தலையும் உடலும் ஒரே கோட்டில் இருக்கும்படி நால்வர் சேர்ந்து ஒருக்களித்து உருட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். 108 ஆம்புலன்ஸ் இமாச்சலத்திலும் உண்டு. பிர் பில்லிங் உள்ள காங்ரா மாவட்டத்தில் பெரிய அளவிலான சிகிச்சைக்கு டாண்டாவில் உள்ள டாக்டர் ராஜேந்திர பிரசாத் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இரவு முழுவதும் வால்வோ பேருந்தில் உட்கார்ந்து டெல்லி வந்து, பிறகு விமானம் ஏறி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எலும்பு மேலும் நகரக்கூடிய நிலையற்ற முறிவோடு அப்படிப் பயணம் செய்வது மிகவும் ஆபத்தானது.

கால்கள் மரத்துப்போவது, இரு கால்களிலும் பலம் குறைவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, தொடையின் உட்பக்கத்திலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்ச்சி குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, அந்த ஊரிலேயே ஸ்கேன் எடுக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் முதுகு வலி மட்டும் இருந்தாலும், படம் எடுத்துப் பார்க்கும்வரை சுளுக்கு வழிப்பவரிடம் போகாதீர்கள். எண்ணெய் தடவி நீவிவிட்ட பிறகு முறிவு மேலும் நசுங்கி வந்த நோயாளியைப் பார்ப்பது எனக்குப் புதிதல்ல. கை கால்களில் முழு மாவுக்கட்டு போட்டிருந்தால், போட்ட 48 மணி நேரத்துக்குள் விமானம் ஏறுபவர்கள் அதை நீளவாக்கில் வெட்டிவிடச் சொல்ல வேண்டும். பறக்கும்போது வீக்கம் கூடி ரத்த ஓட்டம் தடைபடலாம்.

சாகச விளையாட்டு என்றால் காப்பீடு கிடைக்காது என்று நம்பி உண்மையை மறைத்து, குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எழுதச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் எழுத மாட்டோம், எழுதவும் தேவையில்லை. மருத்துவக் காப்பீட்டுக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்திருக்கும் பொதுவான விலக்கு, சாகச விளையாட்டில் தொழில்முறையாகப் பங்கேற்பவர்களைக் குறிப்பது. விடுமுறையில் ஒருமுறை பறந்த பயணியை அல்ல. தனிநபர் விபத்துக் காப்பீடும் பயணக் காப்பீடும் வேறு நிபந்தனைகளோடு வரலாம் என்பதால் அவற்றைக் கிளம்புவதற்கு முன் படித்துவிடுங்கள். பணம் கட்டிய ரசீது, பைலட்டின் பதிவு எண், அங்கே எடுத்த ஸ்கேனின் படங்களும் அவை பதிந்த குறுந்தகடும், அந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகியவற்றோடு அந்த வீடியோவையும் அழிக்காமல் கொண்டுவாருங்கள்.