ஹெலன் மில்ராய்: ஒரு பிள்ளையின் கோபத்தில் மூன்று தலைமுறை

மேற்கு ஆஸ்திரேலியாவில் குழந்தைகள் மனநல மருத்துவராக வேலை பார்க்கிறேன். "வகுப்பில் நாற்காலியைத் தூக்கி எறிகிறான், யார் சொன்னாலும் கேட்பதில்லை, ஏதாவது மருந்து கொடுங்கள்" என்று பள்ளியிலிருந்து பிள்ளைகளை அனுப்புவார்கள். அப்போது மருந்துச் சீட்டைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் அம்மா எங்கே வளர்ந்தார், பாட்டியை யார் வளர்த்தார்கள் என்று விசாரிக்கும் பழக்கம் இங்கே எங்கள் துறையில் வேர்விட்டிருக்கிறது என்றால், அதில் பேராசிரியர் ஹெலன் மில்ராயின் பங்கு பெரியது.

அவர் 1983-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆஸ்திரேலியாவின் முதல் பூர்வகுடி மருத்துவர் அவர்தான். மெல்பர்னில் மருத்துவப் படிப்பு 1862-லேயே தொடங்கிவிட்டது. அந்த மண்ணின் சொந்த மக்களில் ஒருவர் டாக்டராக அதற்குப் பிறகும் 120 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

மில்ராயின் வேர் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியைச் சேர்ந்த பாலிக்கு என்ற பூர்வகுடி மக்களிடம் இருக்கிறது. பிறந்து வளர்ந்தது பெர்த்தில். 1905-ல் மேற்கு ஆஸ்திரேலியா கொண்டுவந்த ஒரு சட்டம், பூர்வகுடிக் குழந்தைகள் எல்லோருக்கும் 16 வயதுவரை அரசு அதிகாரி ஒருவரையே சட்டப்படியான காப்பாளராக்கியது. பெற்ற தாய் உயிரோடு பக்கத்திலேயே இருந்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம். மில்ராயின் அம்மாவும் அப்படித்தான் சின்ன வயதிலேயே ஒரு குழந்தைகள் இல்லத்தில் விடப்பட்டவர். அந்தப் பயம் வீட்டை விட்டுப் போகவே இல்லை. யாராவது கேட்டால் "நாங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்" என்று சொல்லும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவருடைய அக்கா பின்னாளில் தன்வரலாற்றில் இதை எழுதினார். இந்தியனாகச் சொல்லிக்கொண்டால்தான் பிள்ளை நம்மிடம் தங்கும் என்று ஒரு தாய் நினைக்க வேண்டியிருந்தது என்பதைப் படித்தபோது எனக்கு வெகுநேரம் மனது ஆறவில்லை. அப்பா இரண்டாம் உலகப்போரில் கைதியாக இருந்து, நொந்த மனதோடு திரும்பியவர். பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே இறந்துவிட்டார்.

தலைமுறை தாண்டி வரும் காயம் என்று சொன்னால் ஏதோ மர்மமான விஷயம்போலத் தோன்றும். மில்ராய் அதைத் தெளிவாக விளக்குகிறார்: தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பு வழியாக, வளர்க்கும் முறை வழியாக, பெற்றோரின் உடல், மன நோய்கள் வழியாக, சொந்தபந்தமும் பண்பாடும் அறுந்துபோவதன் வழியாக அது கடந்து வருகிறது. விடுதியில் யாரும் தூக்கிக் கொஞ்சாமல் வளர்ந்த பெண்ணுக்குத் தன் குழந்தை அழும்போது என்ன செய்வது என்று தெரியாமல் போகலாம், அதைப் பார்த்து வளரும் மகளும் நாளை தாயாவாள். என் அறையில் கதவுப் பக்கமாகவே உட்கார்ந்து, கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லும் அம்மாக்களைப் பார்க்கிறேன். கோப்பில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதியிருக்கும். எதையாவது சொன்னால் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம்தான் அது, அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே அப்படி நடந்தும் இருக்கும்.

பொது மருத்துவராக இருந்தபோதே பெர்த்தின் பிரின்சஸ் மார்கரெட் குழந்தைகள் மருத்துவமனையில், பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளைப் பார்க்கும் ஆலோசகராகச் சில ஆண்டுகள் வேலை செய்தார். அப்புறம்தான் குழந்தைகள் மனநல மருத்துவம் படித்தார். நிறுவனங்களில் நடந்த குழந்தைப் பாலியல் கொடுமைகளை விசாரிக்க 2013-ல் அமைத்த தேசிய ஆணையத்தின் ஆறு ஆணையர்களில் அவரும் ஒருவர். 2017 வரை, 8,000-க்கும் மேற்பட்டவர்கள் தனி அமர்வுகளில் தங்களுக்கு நடந்ததை ஆணையர்களிடம் சொன்னார்கள். அப்படி வந்தவர்கள் முதன்முதலாக யாரிடமாவது வாய் திறக்கச் சராசரியாக ஏறக்குறைய 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்து வயதில் நடந்ததை முப்பத்து நான்கு வயதில் சொல்கிறார்கள்!

ஆஸ்திரேலியக் கால்பந்து லீகின் ஆணையத்தில் இடம்பெற்ற முதல் பூர்வகுடியும் அவரே. ஓவியம் வரைகிறார், குழந்தைகளுக்குக் கதைகளும் எழுதுகிறார். எனக்கு இது பொழுதுபோக்காகத் தெரியவில்லை, ஏனென்றால் பாட்டி, நிலம், கதை, சொந்தம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு பிள்ளை குணமாகிறது என்பது அவருடைய மருத்துவத்திலேயே இருக்கிறது.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோன பிறகு திரும்ப வருவது, ஒரு குறிப்பிட்ட ஆளிடமோ வகுப்புக்கோ போகமாட்டேன் என்று அடம்பிடிப்பது, காரணம் தெரியாத வயிற்றுவலி, திடீர்க் கோபம் என்று பிள்ளைகள் நடத்தையால்தான் முதலில் சொல்கிறார்கள். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனாலும் அடிக்கும் முன், அதட்டும் முன் விசாரியுங்கள். பிள்ளை ஏதாவது சொல்லிவிட்டால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் உதவிக்கு நீங்கள் இன்னொருவரிடம் போகத்தான் வேண்டும். திரும்பத் திரும்பக் கிளறிக் கேட்பது எங்களைப் போன்றவர்களின் வேலையையும் காவல்துறையின் வேலையையும் கெடுக்கும், பிள்ளையையும் நோகடிக்கும். உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண்: இந்தியாவில் 1098, ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளே கூப்பிட 1800 55 1800. இரண்டும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.