வலைக்குண்டு வார்க்கும் வீட்டில் குழந்தை இருக்கிறதா?

மறுபடியும் ஒரு குழந்தை. நான்கு வயது. மாதக்கணக்கில் வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்தாயிற்று, எதற்கும் கேட்கவில்லை. அப்பாவுக்குக் கடல் தொழில். வலையைத் தண்ணீரில் அமிழ்த்தக் கட்டும் ஈயக் குண்டை, அதாவது வலைக்குண்டை, எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "வாங்குறதில்ல டாக்டர், கொல்லைப்பக்கம் நாங்களே ஈயத்த உருக்கி ஊத்திக்குவோம்." ரத்தத்தில் ஈயம் பார்க்க எழுதிக் கொடுத்தேன். பயந்தபடியே கூடுதலாகத்தான் இருந்தது.

இந்த வீடுகளில் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "திறந்த வெளியிலதான் உருக்குறோம், புகை காத்தோட போயிடும், பிள்ளைய கிட்ட விடுறதில்ல." புகைக்கு மட்டும் பயந்தால் போதாது. ஈயம் 327 டிகிரியில் உருகும். கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். விறகடுப்பில் அந்தச் சூடு வராது. குழந்தையின் வாய்க்குப் போவது பெரும்பாலும் தூள். உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஏடு படியும். அதைக் கரண்டியால் வழித்து ஓரமாகத் தட்டிவிடுகிறீர்கள் அல்லவா, அதில் இருப்பது ஈய ஆக்சைடு. காய்ந்தால் தூளாகி உங்கள் கையில், கைலியில், தலைமுடியில், அடுப்பைச் சுற்றியுள்ள மண்ணில் எல்லாம் ஒட்டும். அதே கைலியோடு பிள்ளையைத் தூக்குகிறீர்கள். மறுநாள் அதே மண்ணில் விளையாடிவிட்டு அது விரலைச் சப்புகிறது. அடுப்பு அணைந்து வருடக்கணக்கானாலும் அந்த ஈயம் மக்காது. பழைய பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கும் ஈயத் தகட்டைப் போட்டு உருக்கினால் தூள் இன்னும் மோசம்.

செனகல் நாட்டின் டக்கார் நகருக்குப் பக்கத்தில், 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். பழைய பேட்டரி ஈயம் ஊறிய மண் அது.

வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். ரத்தசோகை இருந்தால் இன்னும் அதிகம். நாங்கள் கொடுக்கும் மருந்து ரத்தத்தில் உள்ள ஈயத்தைக் குறைக்கும். மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பை மாற்றாது. பால் குடித்தால் முறிந்துவிடும் என்பதும் பொய்.

இளம் மருத்துவர்களுக்கு ஒன்று: இரும்புச்சத்துக்குக் கேட்காத ரத்தசோகை என்றால் பெற்றோரின் தொழிலைக் கேளுங்கள். விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஈயம் கூடுதலாக வந்தால், கையின் ரத்தக் குழாயிலிருந்து (சிரை) எடுத்து உறுதி செய்யுங்கள். கழுவாத விரலே கணக்கைக் கூட்டிக் காட்டும்.

சரி, என்ன செய்வது? முடிந்தால் குண்டைக் கடையில் வாங்குங்கள். பழைய பேட்டரியைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். உருக்கியே ஆக வேண்டுமென்றால் வீட்டைவிட்டுத் தள்ளிப் போங்கள். உருக்குவதற்குச் சமையல் சட்டியையும் கரண்டியையும் எடுக்காதீர்கள். ஈரமான அச்சில் ஊற்றினால் தெறித்துக் கண் போய்விடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். தரையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம். தூண்டிலில் குண்டு மாட்டும்போது பல்லால் கடித்து இறுக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள், அண்ணன்மாரே.

குழந்தை குண்டை விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுத்து, வெளியே வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயிற்று அமிலம் ஈயத்தைக் கரைக்கும். உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.