எண்ணெய்ச் செலவு: பனிவண்டி இன்ஜின் ‘ஆயில் குடிக்குது’ என்றால் என்ன?

ஃபோர் ஸ்ட்ரோக் (நான்கு வீச்சு) இன்ஜின் உள்ள ஸ்னோமொபைல், அதாவது பனிவண்டி, வைத்திருப்பவர்கள் அடிக்கடி புலம்புகிற ஒரு விஷயத்துக்கு ‘ஆயில் கன்சம்ப்ஷன்’ என்று பெயர். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது ‘எண்ணெய் நுகர்வு’. அகராதியைப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் எந்த மெக்கானிக்கிடமும் போய் ‘என் வண்டியின் எண்ணெய் நுகர்வு அதிகமாக இருக்கிறது’ என்று யாரும் சொல்லப்போவதில்லை. ‘ஆயில் குடிக்குது’ என்றுதான் சொல்வோம், கேட்டவுடன் அவருக்கும் புரிந்துவிடும்.

நுகர்தல் என்றால் அனுபவித்தல். உண்பதும் பருகுவதும் முகர்வதும் அதில் அடங்கும், ஆனால் துய்க்கிற ஒருவர் இருந்தால்தான் நுகர்ச்சி. கன்சம்ப்ஷனுக்குப் பின்னால் உள்ள லத்தீன் வினை ‘கான்சூமெரே’ அப்படியில்லை. ‘கான்’ என்றால் இங்கே முழுக்க, ‘சூமெரே’ என்றால் எடுத்துக்கொள்ளுதல். இரண்டும் சேர்ந்து, மிச்சமில்லாமல் எடுத்துத் தீர்த்துவிடுதல் என்ற பொருள் வந்தது. ஆங்கிலத்தில் காசநோய்க்கே ஒரு காலத்தில் கன்சம்ப்ஷன் என்றுதான் பெயர், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிற நோய் என்பதால். நம்மிடமும் அதே நோய்க்கு சயரோகம், என்புருக்கி என்று பெயர்கள் இருந்தன, அவற்றிலும் தேய்வதும் உருகுவதும்தான் இருக்கிறது. ஆக அந்தச் சொல்லின் அடியில் இருப்பது குறைந்துபோதல், அனுபவிப்பு இல்லை.

‘குடிக்குது’ உயிருள்ள சொல், எனக்கும் பிடித்த சொல். ஆனாலும் பழுது கண்டுபிடிக்கும் வேலையில் அது ஒரு சின்ன அநியாயம் செய்கிறது. குடிக்குது என்று சொன்ன உடனேயே குற்றவாளி இன்ஜின் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம், அடுத்த வாக்கியமே ‘ரிங் போயிடுச்சு’ என்பதாகத்தான் வருகிறது. பாதி நேரம் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் அந்த வளையத்துக்கு, அதாவது ரிங்குக்கு, ஒன்றும் ஆகியிருக்காது.

அதனால் நான் பரிந்துரைக்கும் சொல் ‘எண்ணெய்ச் செலவு’. செலவு என்பது செல் என்ற வினையிலிருந்து வந்தது, அதன் முதல் பொருள் போதல். தொல்காப்பியம் செலவு, வரவு, தரவு, கொடை என்று நான்கையும் ஒன்றாக வைத்துப் பேசும்போது செலவு அங்கே போவதையும் வரவு வருவதையும் குறிக்கும். தலைவன் பிரிந்து போகக் கிளம்பிவிட்டுப் பயணத்தைக் கைவிடுவதற்குச் செலவழுங்குதல் என்றுதான் அகப்பாடல்களில் பெயர். பணம் கையை விட்டுப் போவதற்கும் அதே சொல் ஒட்டிக்கொண்டது பின்னால்தான். எண்ணெய்க்கு இந்த இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் பொருந்துகிறது: எண்ணெய் தீர்கிறது, எண்ணெய் எங்கோ போகிறது. எங்கே போகிறது என்று கேட்பதுதான் இந்தப் பழுதைக் கண்டுபிடிப்பதில் முக்கால்வாசி வேலை.

முதலில் டூ ஸ்ட்ரோக்கை ஒதுக்கிவைத்துவிடலாம். பனிவண்டி உலகத்தில் நெடுங்காலம் கோலோச்சியது இரண்டு வீச்சு இன்ஜின்தான். அதில் எண்ணெய் எரிவது பழுது கிடையாது, அதற்காகவே தனித் தொட்டியிலிருந்து எண்ணெய் ஊட்டப்படுகிறது அல்லது பெட்ரோலோடு கலந்தே ஊற்றப்படுகிறது. 50 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் எண்ணெய் என்பது பலருக்கும் பழகிய கலவைக் கணக்கு. யமஹா ஆர்எக்ஸ்-1 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் 2003 மாடலாக வந்து பரவலான பிறகு, அதே ஆட்களில் பலர் நான்கு வீச்சுக்கு மாறினார்கள். இங்கே எண்ணெய் சுற்றிச் சுற்றி வர வேண்டியது, எரிய வேண்டியது அல்ல. கொஞ்சம் எரியத்தான் செய்யும், சிலிண்டர் சுவரில் ரிங் விட்டுவைக்கும் மெல்லிய படலம் தீயில் போகாமல் இருக்காது. எவ்வளவு போனால் அதிகம் என்பதை வண்டியின் கையேடுதான் சொல்ல வேண்டும், பொதுவாக ஒரு எண்ணைச் சொல்லி எல்லா இன்ஜினுக்கும் பொருத்துவதில் அர்த்தமில்லை.

சரி, செலவு என்று சொல்லிவிட்டால் கணக்கு வேண்டும். இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். பல ஃபோர் ஸ்ட்ரோக் பனிவண்டிகளில் இருப்பது டிரை சம்ப் அமைப்பு. அதாவது எண்ணெய் இன்ஜினின் அடியில் தேங்கி நிற்பதில்லை, ஒரு பம்ப் அதை உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியான டிப் ஸ்டிக் அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது. வண்டியை நிறுத்தி ஒரு ராத்திரி விட்டால், தொட்டியிலிருக்கும் எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் குறைந்திருப்பதாகத் தெரியும். உடனே அரை லிட்டர் ஊற்றுவார்கள். இன்ஜினை ஓட்டிச் சூடேறியதும் கீழே இறங்கிய எண்ணெயும் தொட்டிக்குத் திரும்பி வரும், இப்போது தொட்டி நிரம்பி வழியும் நிலை. வழிகிற எண்ணெய்க்குப் போக ஒரே வழி இன்ஜின் மூச்சுவிடும் ப்ரீதர் குழாய், அது போய்ச் சேருவது இன்ஜினுக்குக் காற்று போகும் பெட்டியான ஏர் பாக்ஸுக்கு. அங்கிருந்து இன்ஜின் அதைக் காற்றோடு சேர்த்து இழுத்து எரிக்கும், புகை வரும், மறுநாள் காலையில் மறுபடியும் குச்சியில் குறைவாகத் தெரியும், மறுபடியும் ஊற்றுவார்கள். இன்ஜினில் ஒரு பழுதும் இல்லாமலே ‘ஆயில் குடிக்கிற வண்டி’ என்ற பெயர் நிலைத்துவிடும். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே ஆதங்கமாக இருக்கிறது, இந்த ஒரு தப்பால் நல்ல இன்ஜினைப் பிரித்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

அளக்கும் முறை கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் ஒரே சாயல்தான்: சமதளத்தில் நிறுத்த வேண்டும், இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விட்டு, அணைத்துவிட்டு, அது சொல்லும் நேரத்துக்குள் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி பார்த்தால்தான் இரண்டு அளவுகளை ஒப்பிட முடியும். மேல் கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மில்லி ஊற்றினோம், அதற்குள் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் பெட்ரோல் போனது, இந்த மூன்றையும் குறித்துவைத்தால் போதும். கிலோமீட்டரை விடப் பெட்ரோல் கணக்கு நல்லது என்பது என் கட்சி, ஏனென்றால் ஆழமான புதுப்பனியில் ஓடும் 50 கிலோமீட்டரும் கெட்டித்த தடத்தில் ஓடும் 50 கிலோமீட்டரும் இன்ஜினுக்கு ஒன்றல்ல. 200 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் எண்ணெய் என்றால் நூற்றுக்கு அரை பங்கு, 50-க்கு 1 என்ற டூ ஸ்ட்ரோக் கலவையில் கால்வாசி. அந்த அளவு எண்ணெய் எரிகிறது என்றால் புகையிலும் ஸ்பார்க் பிளக்கிலும் சுவடு இல்லாமல் போகாது. சுவடே இல்லையென்றால் எண்ணெய் வேறு வழியில் போகிறது, அல்லது அளவு தப்பு.

செலவு இருந்தால் வரவும் உண்டு, எண்ணெய்த் தொட்டியிலும் அப்படித்தான். கடுங்குளிரில் இன்ஜினைக் கிளப்பிச் சூடேறுவதற்குள் அணைத்து, திரும்பத் திரும்ப இப்படிச் செய்தால், சரியாக எரியாத பெட்ரோல் ரிங்கைத் தாண்டி எண்ணெயில் கலக்கும். எரிந்த வாயுவில் இருக்கும் நீராவியும் குளிர்ந்த கிராங்க் கேஸில் தண்ணீராகும், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் வெளிர் மஞ்சளாகப் பாகு மாதிரி ஒட்டியிருப்பது அதுதான். எண்ணெய் குறைந்துகொண்டே இருந்தாலும் பெட்ரோலும் தண்ணீரும் சேர்ந்து குச்சியில் அளவை நிறுத்திவைத்திருக்கும். அப்புறம் ஒரு நாள் நீண்ட பயணம், இன்ஜின் மணிக்கணக்கில் சூடாக ஓடுகிறது, கலந்திருந்த பெட்ரோலும் நீரும் ஆவியாகிப் போகிறது, சாயங்காலம் பார்த்தால் குச்சியில் பாதியைக் காணோம். ஒரே நாளில் குடித்துவிட்டது என்று தோன்றும். குச்சியை முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாசனை காட்டிக்கொடுக்கும்.

இந்த நீராவி செய்யும் இன்னொரு வேலை மோசமானது. ப்ரீதர் குழாயில் அது உறைந்து அடைத்துக்கொண்டால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறும், ஏறிய அழுத்தம் எண்ணெயை சீல் வழியாகவோ டிப் ஸ்டிக் துளை வழியாகவோ வெளியே தள்ளும். குழாயில் தாழ்ந்து தொங்கும் வளைவு இருந்தால் அங்கேதான் முதலில் தண்ணீர் தங்கும். மூச்சு அடைத்த இன்ஜினுக்கு சீலை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை.

வெளியே போகும் எண்ணெய்க்குக் கசிவு என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது, ஆனால் பனிவண்டியில் கசிவு கண்ணில் படுவது கடினம். வண்டியின் வயிற்றுப் பகுதியை மூடியிருக்கும் அடித்தட்டு ஒழுகும் எண்ணெயைத் தாங்கிக்கொள்ளும், பனியில் ஒரு சொட்டுக்கூட விழாமல் உள்ளே குளமாக நிற்கும், உருகிய பனித்தண்ணீரோடு கலந்து பின்னால் எங்கோ ஒழுகும். பக்கத்து மூடிகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு மாற்று எதுவுமில்லை. கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் கசிந்தால் கிளட்சைச் சுற்றி எண்ணெய் தெறித்திருக்கும், பெல்ட்டும் வழுக்க ஆரம்பிக்கும். வண்டி கவிழ்ந்திருந்தாலோ, வண்டியை நகர்த்தும் பட்டையான டிராக்கைச் சுத்தம் செய்ய ஒருக்களித்துச் சாய்த்திருந்தாலோ, அந்த ஒரு தடவையில் ஏர் பாக்ஸுக்குள் போன எண்ணெய்தான் பிறகு புகையாக வருகிறது என்றும் இருக்கலாம்.

இதெல்லாம் இல்லை என்று ஆன பிறகுதான் எரிவுக்கு வர வேண்டும். எரிவு என்றே சொல்லலாம், எண்ணெய் எரிவு. இதற்கு முக்கியமாக இரண்டு வாசல்: கீழிருந்து ரிங், மேலிருந்து வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டு வழியே எண்ணெய் இறங்காமல் தடுக்கும் அடைப்பு. டர்போ இருந்தால் அதன் சீலும் மூன்றாவது வாசல்.

ரிங் சம்பந்தப்பட்ட இடத்தில் ‘ப்ளோ-பை’ என்றொரு சொல் வரும், எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே நழுவுவது. வளையக் கசிவு என்று எழுதினால் எங்கே என்பதும் சேர்ந்து புரியும். ஆனால் வளையக் கசிவும் எண்ணெய் எரிவும் ஒன்றில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிஸ்டனில் வழக்கமாக மூன்று ரிங், மேல் இரண்டின் முக்கிய வேலை வாயுவை அடைப்பது, மூன்றாவதன் வேலை சுவரில் உள்ள எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புவது. மூன்றாவது ரிங் கரி பிடித்து அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டால், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) நன்றாக இருக்கும், எண்ணெய் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, அதனால் ரிங் சரி என்று முடிவு கட்டுவது இதனால்தான் ஆபத்து.

சுமையேற்றி முடுக்கும்போது விடாமல் புகைத்தால் சந்தேகம் ரிங் மேல். நீண்ட இறக்கத்தில் திராட்டிலை விட்டுவிட்டு வந்து மறுபடி முடுக்கும்போது குபுக்கென்று ஒரு மேகம் வந்தால் வால்வு சீல் மேல், ஏனென்றால் திராட்டில் மூடியிருக்கும்போது உள்ளிழுக்கும் பாதையில் வெற்றிடம் கடுமையாகி, தேய்ந்த சீல் வழியாக எண்ணெயைக் கீழே இழுக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி கிளம்பும்போது மட்டும் புகைத்தாலும் அநேகமாக இதுதான். புகையின் நிறத்தை நம்பச் சொல்வார்கள், ஆனால் பனியில் அது அவ்வளவு சுலபமில்லை. குளிர்காற்றில் எந்த இன்ஜினும் வெள்ளையாக ஆவி விடும், வெள்ளைப் பின்னணியில் நீலச் சாயல் கண்ணுக்குப் பிடிபடாது. ஆவி கொஞ்ச தூரத்தில் கரைந்துவிடும், எண்ணெய்ப் புகை தடத்தின் மேலேயே தங்கி நின்று காரமாக மணக்கும். இனிப்பு வாசனை வந்தால் அது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், வேறு கதை.

பிளக்குகளை வரிசையாகக் கழற்றி வைத்துப் பார்ப்பது எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த சோதனை. எல்லா பிளக்கும் ஒரே மாதிரி லேசாக ஈரமென்றால் எண்ணெய் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான வழியில், அதாவது ஏர் பாக்ஸ் வழியாக வந்திருக்கலாம். ஒன்று மட்டும் கருத்து எண்ணெய் பூசியிருந்தால் அந்தச் சிலிண்டரில் வேலை இருக்கிறது. அதன் பிறகு லீக்டவுன் சோதனை: பிஸ்டனைக் கம்ப்ரஷன் வீச்சின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைக் கொடுத்து, எவ்வளவு கசிகிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும், காதாலும் கேட்க வேண்டும். எண்ணெய் மூடி வழியாக இரைச்சல் வந்தால் ரிங், சைலன்சர் வழியாக வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் பாக்ஸ் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு, கூலன்டில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். வெறும் கம்ப்ரஷன் மீட்டரை விட இதையே நான் நம்புவேன், சில இன்ஜின்களில் கிளப்புவதற்கு வசதியாகத் தானாகவே கம்ப்ரஷனைக் குறைக்கும் அமைப்பு கேம் ஷாஃப்டில் இருக்கும், அதில் மீட்டர் எப்போதும் குறைத்தே காட்டும்.

ஏர் பாக்ஸ் மேல் சந்தேகம் என்றால் ப்ரீதர் குழாயைத் தற்காலிகமாக ஒரு பாட்டிலுக்குத் திருப்பிவிட்டு, ஏர் பாக்ஸில் திறந்திருக்கும் துளையை அடைத்து, சரியான அளவு எண்ணெயோடு ஓட்டிப் பார்க்கலாம். பாட்டிலையும் இறுக்கி மூடாமல் காற்றுப் போக விட வேண்டும், குழாய் உறைகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டிலில் எண்ணெய் சேர்ந்து புகை நின்றுவிட்டால், எரிந்தது எந்த வழியில் வந்தது என்பது தெரிந்துவிட்டது. அப்போது மிச்சமிருக்கும் கேள்வி, அது அதிகம் ஊற்றியதால் வழிந்ததா, வளையக் கசிவின் அழுத்தம் தள்ளியதா என்பது மட்டும்தான். எண்ணெய் அளவை மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே வைத்து இன்னொரு தடவை ஓட்டினால் அதற்கும் பதில் கிடைக்கும்.

பட்டறைக்கு எழுதிக்கொடுக்கும்போது ‘எண்ணெய்ச் செலவு, 200 லிட்டர் பெட்ரோலுக்கு இவ்வளவு மில்லி, சூட்டில் அளந்தது, வெளிக் கசிவு இல்லை, இரண்டாவது பிளக் மட்டும் ஈரம்’ என்று எழுதினால், அவர் எந்தச் சிலிண்டரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.