இரவுச் சோறும் கணையத்தின் கடிகாரமும்

ஒரு நாளின் சாப்பாட்டையெல்லாம் எட்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொண்டால் சீனி வருத்தம் குறையுமா என்று இப்போது ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பலர் கேட்கிறார்கள்.

2012இல் அமெரிக்காவின் சால்க் நிலையத்தில் சச்சின் பாண்டாவின் குழு, சுண்டெலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனியை அவை விழித்திருக்கும் எட்டு மணி நேரம் மட்டும் கொடுத்தது. நாள் முழுக்கக் கொறித்தவை கொழுத்தன. அதே அளவை எட்டு மணி நேரத்துக்குள் தின்றவை தப்பின. மனிதரில் எடை அப்படி இறங்கவில்லை. 2022இல் வெளியான சீன ஆய்வில் 139 பேர் ஓராண்டு அளவாகச் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் உண்டும், எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மெலிய வைக்கும் மந்திரமாக இதை விற்பவர்களை நம்பாதீர்கள்.

இரத்தச் சீனியின் விஷயம் வேறு. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே மூளை தூக்க ஹோர்மோனான மெலடோனினைச் சுரக்கத் தொடங்கும். தூக்கத்தோடு அதன் வேலை நின்றுவிடுவதில்லை. இரத்தச் சீனியை இறக்கும் இன்சுலினைச் சுரப்பவை கணையத்தின் பீட்டா கலங்கள்; அவற்றிலும் மெலடோனின் வந்து ஒட்டும் ஏற்பிகள் உண்டு. பகலில் குளுக்கோஸ் உள்ளே நுழைந்ததும் கலத்தில் சக்தி கூடும், பொட்டாசியம் வாயில் மூடும், கல்சியம் பாயும், இன்சுலின் பொட்டலங்கள் வெளியே கொட்டும். மெலடோனின் வந்து ஒட்டியதும், இந்தக் கொட்டலை ஊக்குவிக்கும் தூதுமூலக்கூறு கலத்துக்குள் குறைகிறது. அதே சோறு, அதே கணையம், ஆனால் இன்சுலின் குறைவு. இரவில் உணவு வராது என்று எதிர்பார்க்கும் உடலுக்கு இது எவ்வளவு அழகான ஏற்பாடு! 2022இல் ஸ்பெயினில் 845 பேரிடம் சோதித்தபோது, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் குளுக்கோஸ் குடித்த அன்று, முன்னதாகக் குடித்த நாளைவிட மெலடோனின் 3.5 மடங்கு இருந்தது; இரத்தச் சீனியும் ஏறியது.

நம் லயங்களில் விடியற்காலை ஐந்துக்குச் சீனி போட்ட தேத்தண்ணி, இரவு ஒன்பதுக்குச் சோறு என்றால் உண்ணும் நேரம் பதினாறு மணி. சீனியைக் கையில் வைத்துக் கடித்தாலும் கணக்கு அதுதான். முதல் தேத்தண்ணி வெறும் சாயமாக இருக்கட்டும். ஏழு மணிக்கு ரொட்டி, பருப்பு. பெரிய சோறு மத்தியானத்தில். பத்துக்குப் படுப்பவர் இரவுச் சாப்பாட்டை ஏழுக்குள் முடிக்கலாம். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மலையேறிக் கொழுந்து பறித்து, பசியை இரவில் தீர்ப்பதுதான் பலர் செய்யும் பிழை. மாலையில் கூடையை இறக்கிவிட்டு வரும் பெண்ணே ஏழுக்குள் சமைத்தும் முடிக்கவேண்டும் என்பது நியாயமில்லை. அடுப்படிக்கு எல்லோரும் வரவேண்டும்.

தொழிற்சாலை இராவேலைக்காரருக்கு 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு முக்கியம். ஆய்வுகூடத்தில் இராவேலை போன்ற சூழலில் 19 பேர் இருந்தனர். இரவிலும் உண்டவர்களின் சராசரி இரத்தச் சீனி 6.4 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் உண்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. கொழுந்து வாட்டி அரைக்கும் நம்மவரிடமும் இதை அளக்கவேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் மலையகத்தின் வாசலிலேயே இருக்கிறது; அரசு பணம் ஒதுக்கவேண்டும்.

கர்ப்பிணிகள் இதைச் செய்யவேண்டாம். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் மருந்தளவை மாற்றிக்கொள்ளாமல் உணவு நேரத்தைக் குறைத்தால் சீனி சட்டென இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தாலோ இரத்தச் சீனி அளவு 70 mg/dLக்குக் கீழே போனாலோ, எந்த மணியானாலும் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் அளந்து பாருங்கள்.