இரண்டு சொல்லா, ஐந்து சொல்லா?

“மட்டக்களப்பிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள்.” கணினியில் இப்படித் தட்டச்சுச் செய்தால் இரண்டு சொல் என்று காட்டும். அதையே “மட்டக்களப்பில் இருந்து வந்து கொண்டு இருக்கிறார்கள்” என்று பிரித்து எழுதினால் ஐந்து. வாசிக்கும் நேரம் என்னவோ ஏறக்குறைய ஒன்றுதான்.

சொல் எண்ணும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இலக்கணம் பார்ப்பதில்லை, இடைவெளியைத்தான் பார்க்கின்றன. இரண்டு இடைவெளிக்கு நடுவே எது கிடந்தாலும் அது ஒரு சொல். இரு பக்கமும் இடம் விட்டு ஒரு சிறு கோடு போட்டுப் பாருங்கள், வேர்ட் அதையும் ஒரு சொல்லாகச் சேர்த்துக்கொள்ளும்.

சரி, சொல்லை விட்டு எழுத்தை எண்ணலாமே என்றால் அங்கே கூத்து இன்னும் பெரிது. மட்டக்களப்பு என்பதில் நாம் எண்ணினால் எட்டு எழுத்து: ம, ட், ட, க், க, ள, ப், பு. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண் ஒதுக்கும் யூனிகோடு முறையில் புள்ளிக்கும் உகரக் குறிக்கும் தனித்தனி இடம் உண்டு என்பதால் 12 குறியீடுகள். யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் (கணினிச் சேமிப்பின் அளவு), ஆக 36. இணைய விண்ணப்பத்தில் “100 எழுத்துக்கு மேற்படாமல்” என்று போட்டுவிட்டு, அறுபது சொச்சம் எழுத்திலேயே பெட்டி மறித்துவிடுவது, அது குறியீடுகளை எண்ணுவதால்தான்.

நம் பக்கத்தில் இன்னும் விட்டுப்போகாத பாமினி எழுத்துருவுக்கு வேறொரு வில்லங்கம். அதில் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். திரையில் தமிழ் தெரிந்தாலும் கணினிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். இடைவெளியை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு இது பிரச்சினையில்லை. நிறுத்தக்குறி கண்ட இடத்திலெல்லாம் வெட்டும் கருவியிடம் கொடுத்தால், மூன்று புள்ளி உள்ள மட்டக்களப்பு நாலு துண்டாகிவிடும்.

அப்புறம் வாசிப்பு நேரம். “5 நிமிட வாசிப்பு” என்று போடுவதற்குப் பின்னால் உள்ள கணக்கு எளிது: மொத்தச் சொற்களை ஒரு நிமிட வேகத்தால் வகுப்பது. அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெல்ஜிய உளவியலாளர் மார்க் பிரைஸ்பேர்ட் 2019இல் 190 ஆய்வுகளைத் தொகுத்து, ஆங்கிலக் கட்டுரையை மனதுக்குள் வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல் என்றார். வாய்விட்டு வாசித்தால் 183. இரண்டும் ஆங்கிலத்துக்கு உரியவை.

2012இல் 17 மொழிகளில் ஒரே மாதிரிப் பத்திகளைக் கொடுத்து அளந்தபோது ஆங்கிலத்துக்கு 228 சொல், பின்னிஷுக்கு 161 சொல் என்று வந்தது. பின்லாந்துக்காரர் மந்தமாக வாசிக்கிறார் என்று நினைக்கவேண்டாம். தமிழைப்போல அதுவும் உருபுகளை ஒட்டிக்கொண்டே போகும் மொழி, ஒரு சொல்லின் சுமை அதிகம். எழுத்துக் கணக்கில் பார்த்தால் பின்னிஷ் ஆங்கிலத்தை முந்திவிடும். அந்தப் பதினேழில் தமிழ் இல்லை.

வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் வினாடி நின்று, அடுத்த இடத்துக்குத் தாவும். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ போன்ற நீளமான சொல்லில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நிற்கவேண்டி வரும்.

இதெல்லாம் உண்மையாகவே கையைக் கடிப்பது பேச்சுப் போட்டியில். தமிழ்மொழித் தினத்துக்கு ஐந்து நிமிடப் பேச்சு எழுதும் கல்முனைப் பிள்ளை, 183ஐ ஐந்தால் பெருக்கி 915 சொல் எழுதினால் முடிவுரைக்கு முன்னமே மணி அடித்துவிடும். இலக்கங்கள் வேறு ஏமாற்றும். சுனாமியைப் பற்றிய பேச்சில் 26.12.2004 என்று எழுதினால் கணினிக்கு ஒரு சொல். மேடையில் அது “இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு டிசம்பர் மாதம் இருபத்தாறாம் திகதி”, ஏழு சொல்.

என்னைக் கேட்டால் ஆயத்த எண்களை விட்டுவிடலாம். எழுதியதில் ஒரு பக்கத்தை மேடைக் குரலில் வாசித்து, போனில் நேரம் பிடியுங்கள். அந்தப் பக்கத்தின் சொற்களைக் கணினி எண்ணட்டும். ஒருவர் சேர்த்தும் பிரித்தும் எழுதும் பழக்கம் பிரதி முழுவதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் என்பதால், அந்த வேகத்தால் வகுத்தால் மொத்த நேரம் கிட்டத்தட்டச் சரியாக வரும். இலக்கங்களை மட்டும் முதலிலேயே எழுத்தில் எழுதிவிடுங்கள்.